கூட்ரோட்டில் ஏறிய கத்திரிக்காய்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தை முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நேரம். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் எங்கள் வீடு. என் கணவருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் காலி வண்டியோடு சூளகிரி போய், அங்கிருந்து பதினோரு ஸ்டாப்பில் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எட்டரைக்குள் ஓசூரில் கம்பெனி வாசலில் இறக்க வேண்டும். சாயங்காலம் அதே பிள்ளைகளைத் திரும்பக் கொண்டு போய் விட வேண்டும். பத்து வருடமாக அதே ரோடு, அதே ஸ்டாப்பு. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவார் என்று நானே தெருவில் பெருமையடித்திருக்கிறேன். இப்போது அந்தப் பேச்சை நான் யாரிடமும் எடுப்பதில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. நான் சிங்காரப்பேட்டைப் பக்கத்துக்காரி. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். யாராவது ஒரு பேச்சை ஆரம்பித்து இழுத்தால் எனக்குப் பொறுக்காது, மீதியை நானே சொல்லி முடித்துவிடுவேன். அவர் நேர் எதிர். நிதானமாகப் பேசுவார். அவர் பிறந்த வீட்டில் பேசுவது தெலுங்கு. என்னோடு தமிழ். எதிர்வீட்டாரோடும் வண்டி முதலாளியோடும் கன்னடம். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குத் தலை சுற்றியது. அப்புறம் நானும் பழகிக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஒரு வாக்கியம் தமிழில் கிளம்பி, தெலுங்கில் டீ குடித்துவிட்டு, கன்னடத்தில் போய்ச் சேரும். ஓசூர்க்காரர்களுக்கு இது அதிசயமே இல்லை.

வண்டி முதலாளி வருடத்துக்கு ஒரு முறை டிரைவர்களுக்கெல்லாம் கண், பிரஷர், சர்க்கரை பார்க்க முகாம் வைப்பார். சூளகிரியில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும். வீட்டுக்காரிகளையும் கூட்டிக்கொண்டு வரலாம். அந்த வருடம் மூலையில் புதிதாக ஒரு மேஜை இருந்தது. அறுபது வயது தாண்டியவர்களுக்கு ஞாபகசக்தி பார்க்கிறார்கள் என்றார்கள். சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஊசி இல்லை, ரத்தம் எடுக்கவில்லை. சும்மா பேச்சுதான். அதனால் நாங்களும் விளையாட்டாகத்தான் உட்கார்ந்தோம்.

"ஒரு நிமிஷம் டைம். உங்களுக்குத் தெரிஞ்ச காய்கறி பேரெல்லாம் சொல்லுங்க பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. வாரா வாரம் சந்தைக்குப் போய்ப் பைநிறைய வாங்கி வருகிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது? அவர் கத்திரிக்காய், வெண்டைக்காய், தக்காளி என்று மளமளவென்று ஆரம்பித்தார். பிறகு நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "முருங்கக்கா" என்றேன் நான், பழக்க தோஷம்.

"அம்மா, அவர் சொல்லட்டும்."

அவர் மறுபடி யோசித்தார். "வங்காய" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பதனேகாயி." ஒன்று தெலுங்கு, ஒன்று கன்னடம். இரண்டுமே கத்திரிக்காய்தான். டாக்டரம்மாவும் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இது எல்லாம் ஒரே காய்தானே?" என்று கேட்டார். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு நிமிடம் முடிந்தபோது நாலு காய்கூடத் தேறவில்லை.

அடுத்து ஒரு அட்டையைக் காட்டினார்கள். ஏணிப் படம். "இது... செவுத்துல சாத்தி மேல ஏறுவமே, அது" என்றார். பெயர் வரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டரம்மா என்னைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். மண்டபத்து வாசலில் நின்றபோதுதான் எனக்குள் முதல் முறையாகப் பயம் வந்தது. ஏணி எப்படி வராமல் போகும்?

கிளம்பும்போது டாக்டரம்மா ஒரு சீட்டு கொடுத்தார். ஓசூரில் அவர்கள் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். "பயப்பட ஒண்ணும் இல்லம்மா. ஆனா கண்டிப்பா வந்துடுங்க" என்றார். பயப்பட ஒன்றும் இல்லாவிட்டால் எதற்குக் கண்டிப்பாக வர வேண்டும்?

அவர் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. "ஏமே, பரீட்சைன்னு உக்காந்தா எனக்கு எப்பவும் இப்டித்தான். பத்தாவதுல மூணு தடவ கோட் அடிச்சவன்டி நானு" என்று வண்டியைக் கிளப்பினார். என்னால் அப்படி விட முடியவில்லை. அன்றிலிருந்து அவர் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் உன்னிப்பாகக் கேட்டேன். "அதை எடு" என்றால் எதை என்று மனசுக்குள் கேள்வி கேட்டேன். பக்கத்து வீட்டில் ஒருவர் இப்படித்தான் மெல்ல மெல்ல எல்லோரையும் மறந்து, கடைசியில் மகனையே யாரென்று கேட்டார். அந்த முகம் கண்ணிலேயே நின்றது. திருப்பூரில் இருக்கும் மகளிடம்கூட நான் சொல்லவில்லை. வெளியில் தெரிந்தால் முதலாளி மறுநாளே சாவியை வாங்கிக்கொள்வார். வண்டி இல்லாமல் இந்த மனிதர் ஒரு நாள் வீட்டில் இருக்க மாட்டார். அதை நினைத்தால் எனக்கு நோயைவிட அதுதான் பெரிய பயமாக இருந்தது.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். அவருக்கு டியூஷன் எடுத்தேன்.

சிரிக்காதீர்கள். அடுத்த பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டால் நோய் இல்லை என்று ஆகிவிடும் என்றே எனக்குத் தோன்றியது. தினம் சாயங்காலம் காய் நறுக்கும்போது அவரை எதிரில் உட்காரவைத்து ஒப்பிக்கச் சொன்னேன். முதல் நாலு நாள் நாலைந்துக்கு மேல் நகரவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவருக்கு எது மறந்தாலும் ரூட் மறக்காது. ஆகவே அவருடைய ஸ்டாப்புகளில் காய்களை ஏற்றிவிட்டேன். ரோடுகள் சேரும் சூளகிரி கூட்ரோட்டில் கத்திரிக்காய் ஏறும். பெட்ரோல் பங்க்கில் வெண்டைக்காய். வேப்பமரத்து ஸ்டாப்பில் பாகற்காய். தக்காளி மண்டி வாசலில் தக்காளியையே நிறுத்தினால் சுலபமாகிவிடும் என்று அங்கே பூசணிக்காயை நிறுத்தினேன், அவ்வளவு கெட்டிக்காரி நான்.

"கூட்ரோட்டுல யாரு ஏர்றது?"

"கத்திரிக்கா."

"பங்க்ல?"

"வெண்டக்கா. கூட அவ தங்கச்சி கொத்தவரங்கா."

"ஸ்கூல் கேட்டுல?"

"முருங்கக்கா. சீட்டு பத்தாது, நின்னுகிட்டே வரட்டும்."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு சாயங்காலங்கள் சந்தோஷமாக இருந்தன. அடுத்து மிருகங்களைக் கேட்டாலும் கேட்பார்கள் என்று, அவற்றையும் இதே மாதிரி சாயங்காலம் திரும்பும் வழியில் ஏற்றினேன். பக்கத்து வீட்டுக் குழந்தையின் படச் சார்ட்டை வாங்கி வந்து ஏணி, பூட்டு, சீப்பு எல்லாம் காட்டினேன். இரண்டாவது வாரத்தில் அவர் பதினோரு ஸ்டாப்பையும் வாயாலேயே தடுமாறாமல் ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, கை லேசாக ஸ்டியரிங்கைத் திருப்புவது மாதிரி அசைய, பதினாறு காய் சொன்னார். மிருகங்களும் அப்படியே. டாக்டரம்மா ஆச்சரியப்பட்டார். ஒரு கதை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னதில் மட்டும் தடுமாறினார். எஞ்சின் சத்தத்தில் காது மந்தம் என்று நான் வெளியிலிருந்தே எட்டிப் பார்த்துச் சொன்னேன்.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "வீட்டுல இதையெல்லாம் பழகிப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்களே" என்றேன். கண்ணைக்கூட இமைக்கவில்லை.

ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். நான் அன்றைக்கே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன்.

ஐந்து வாரம் இருக்கும். காலை எட்டு மணிக்கு என் போன் அடித்தது. வேனில் முன் சீட்டில் வரும் பெண். "ஆன்ட்டி, பயப்படாதீங்க, யாருக்கும் ஒண்ணும் ஆவல" என்றுதான் ஆரம்பித்தாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று தெரியாது.

மேம்பாலத்துக்கு முன்னால் சர்வீஸ் ரோட்டில் வேன் சாய்வாக நின்றிருந்தது. பெரிய ரோட்டிலிருந்து வண்டிகள் கீழே இறங்குகிற வழியில் அவர் எதிராக ஏறியிருக்கிறார். எதிரே சரக்கு லாரி. அந்த லாரி டிரைவர் பிரேக்கை மிதித்து ஓரம் ஒடித்ததில் வேனின் பக்கக் கண்ணாடி மட்டும் பெயர்ந்து போனது. ஒரு முழம் தள்ளியிருந்தால் கதை வேறு. பிள்ளைகள் பதினேழு பேரும் ஓரமாக நின்றார்கள். ஒருத்தியின் சாப்பாட்டு டப்பா திறந்து ரோடெல்லாம் சோறு. அவள் அழாமல் அந்தச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஒவ்வொருத்திக்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பாள் இல்லையா?

முன் சீட்டுப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, ரெண்டு மூணு மாசமாவே அடுத்த ஸ்டாப்பு எதுன்னு நாங்கதான் சொல்லிட்டு வர்றோம். அங்கிள் எங்களுக்காக மழையில எல்லாம் காத்துட்டு நிப்பாரு. அவர் வேலை போயிடக் கூடாதுன்னு யார்கிட்டயும் சொல்லல. இன்னிக்கி நான் அசந்து தூங்கிட்டேன்" என்று விசும்பினாள்.

நான் ஒருத்திதான் மூடி மறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். பதினேழு பிள்ளைகளும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள். நல்ல மனிதராக இருந்ததே அவருக்கு வினையாகிவிட்டது.

அவர் வேன் படியில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும், என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார். "ஏமே, மண்டி வந்துச்சு. பூசணிக்கா ஏறணும்னு வாய் சொல்லுது. அடுத்தது எந்தப் பக்கம்னு கை சொல்ல மாட்டேங்குது."

அதைக் கேட்ட நிமிஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவரிடம் மிச்சமிருந்தது அந்த ரூட் ஒன்றுதான். அதன் மேல் நான் காய்கறி மூட்டையை ஏற்றி வைத்திருக்கிறேன்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். பொய் சொன்னதையும் சொன்னேன். கண்டபடி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "நீங்க பழக்கினதால நோய் வரலம்மா. ஆனா நோய் இருக்கறது எங்களுக்குத் தெரியாம போச்சு" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அப்புறம் ஒன்று சொன்னார். மற்ற ஊர்களில் ஒருவருக்கு வார்த்தை வரவில்லை என்றால் கூட இருப்பவர்கள் கவனித்துவிடுவார்களாம். இந்தப் பக்கத்தில் ஒரு பாஷையில் வராவிட்டால் அடுத்த பாஷையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள், வீட்டில் இருப்பவர்களுக்கே தெரிவதில்லை என்றார். நான் வருடக்கணக்கில் அவருடைய பேச்சைக் கலப்படம் என்று கேலி செய்து சிரித்திருக்கிறேன். அவர் தமிழில் தொலைத்ததைத் தெலுங்கில் தேடிக்கொண்டிருந்தார் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அங்கேயும் கிடைக்காதபோது நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஆனாலும் மனசு ஒரு கயிற்றைப் பிடித்தது. "டாக்டர், அவருக்கு தெலுங்குதான் சொந்த பாஷை. அதுல கேட்டுப் பாருங்களேன்" என்றேன். டாக்டரம்மாவும் அதைத்தான் செய்யப்போவதாகச் சொல்லி, தெலுங்கு பேசுகிற நர்ஸ் ஒருவரை வரவழைத்தார். இந்த முறை என்னை உள்ளேயே உட்கார அனுமதித்தார், வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு.

தெலுங்கில் பேச ஆரம்பித்ததும் அவர் முகமே தெளிந்தது. பிறந்த ஊர், அண்ணன் தம்பிகள், முதல் வண்டி என்று தங்குதடையில்லாமல் பேசினார். பார்த்தீர்களா, ஒன்றுமில்லை, பாஷைதான் காரணம் என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். நர்ஸ் ஒரு அட்டையைக் காட்டினார். குடைப் படம். அது எங்கள் சார்ட்டில் இல்லாத படம்.

அவர் பார்த்தார். "வான... வானகி..." என்றார். மழை, மழைக்கு என்கிறார். கையை மேலே தூக்கி விரித்துக் காட்டினார். பெயர் வரவில்லை. முப்பத்தாறு வருடப் பழக்கம், அவர் தலை என் பக்கம் திரும்பியது.

கொடுகு. எனக்குத் தெரியும். அவரோடு வாழ்ந்து கற்றுக்கொண்ட வார்த்தை. வேனில் அவர் சீட்டுக்குப் பின்னால் எப்போதும் ஒன்று தொங்கும். நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. நான் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. அவருக்கு வார்த்தை வரவில்லை. நர்ஸ் அடுத்த அட்டையை எடுத்தார்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து, இது மறதி நோயின் ஆரம்ப நிலை என்றார்கள். உடம்பில் ஏதோ ஒரு விட்டமின் சத்தும் குறைந்திருந்தது. அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். முழுக்கத் திருப்பிக் கொண்டுவர முடியாது, வேகத்தைக் குறைக்கப் பார்க்கலாம், ஆரம்பத்திலேயே தெரிந்தது நல்லதுதான் என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாளிலேயே தெரிந்திருக்கும், நான் விட்டிருந்தால். அதை அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

தெலுங்கில் கேட்ட அந்த நாள் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி வழியில், அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "கொடுகு" என்றார். அரை மணி நேரமாக மனசுக்குள் தேடிக்கொண்டே வந்திருக்கிறார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் அழுதேன்.

மறுநாளே வேன் சாவியை அவரே முதலாளி கையில் கொடுத்தார். விஷயத்தையும் அவரே, கன்னடத்தில், நின்று நின்று சொன்னார். நான் பக்கத்தில் இருந்தும் பேசவில்லை. அவர் வண்டியை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டு முன் சீட்டுப் பெண் வீட்டுக்கு வந்து ஒரு குடை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரியில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. ஸ்டாப்பில் மழையில் காத்திருந்த மனிதருக்கு அவள் நினைத்துக் கொடுத்த பரிசு அது.

அதற்குப் பிறகு வீட்டில் நான் என் வாயோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தேன். அவர் பேச்சில் நின்றால் நானும் நிற்பேன். குழம்பு கொதிக்கும், குக்கர் கத்தும், நான் கரண்டியோடு நிற்பேன். ஒரு வாரம் பார்த்தார். எட்டாவது நாள், சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏமே, என் மேல கோவமா?"

"இல்லைங்களே, ஏன்?"

"முன்ன மாதிரி பேச்சை எடுத்துக் குடுக்க மாட்டேங்கறியே."

கோபம் இல்லை, உங்களுக்காகத்தான் என்று விளக்கிச் சொல்வதற்குள் அவர் சிரித்துவிட்டு, "சரி, இப்ப கேளு. மோருக்குள்ள போடுவியே, பச்சையா, வாசனையா, அது" என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டில் சோறு ஆறியது. "கொத்தமல்லி" என்றார் கடைசியில், ஜெயித்த மாதிரி.

இப்போதும் சில வார்த்தைகள் வருகின்றன, சில வருவதில்லை. அவர் வாயில் வார்த்தையை எடுத்துக் கொடுப்பதுதான் என் பாசம் என்று முப்பத்தாறு வருடம் நினைத்திருந்தேன். ஒரு குடையின் பெயருக்காக அவர் என் முகத்தைப் பார்த்த அந்த நிமிடத்திலிருந்து, அவர் தேடி முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பதுதான் இனி நான் அவருக்குச் செய்யக்கூடியது என்று ஒவ்வொரு நாளும் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.